வாயைக் கட்டிய வீடு

அத்தியாயம் 17

விடிந்ததிலிருந்து ஸ்வர்ணலதாவுக்கு நாக்கு காந்தியது. கடுங்காப்பி பட்டால்கூட மிளகாயை அரைத்துப் பூசினாற்போல் எரிந்தது. ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி உப்பைப் போட்டுக் கரைத்துக் குடித்தாள். வயிறு நிறைந்தது, பசி போகவில்லை. கால் வேறு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே கையால் தடவிப் பார்த்துத்தான் இருக்கிறது என்று நம்ப வேண்டியிருந்தது.

சேவூர் பஸ் நிறுத்தத்தில் குடத்தோடு அவள் விழுந்த கதை தெரு முழுக்கச் சுற்றி ஆறிப்போயிருந்தது. பொம்பளை குடித்துவிட்டு விழுந்தாள் என்று சிரித்தவர்கள், அவள் நெய்த சேலையில் புட்டாப் பூ இடம் மாறி விழுந்து முதலாளி வீட்டிலிருந்து திரும்பி வந்ததும், இவளுக்கு மெண்டல் என்று மாற்றிச் சொன்னார்கள். இரண்டில் எது என்று அவளுக்கே சந்தேகம். இழையை எண்ணிக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை மறந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வந்தது.

"தறிக்குழியில குளிர்ச்சி ஏறிப்போச்சுடீ. வேற ஒண்ணும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னவள் பூங்காவனம்.

பூங்காவனம் ஸ்வர்ணலதாவின் நாத்தனார், கணவன் வீரபாகுவின் அக்கா. தன் புருஷன் செத்த வருஷமே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவள். அதன் பிறகு இந்த வீட்டில் உலை வைப்பதும் உறவு முறிப்பதும் அவள் சொல்படிதான்.

அவள் சொன்னதையும் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தறி போட்ட வீடுகளில் காலுக்கு என்ன வந்தாலும் பழி குழியின் மேல்தான். இடுப்பளவு பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு, ஈரமண் வாடையில் நாள் முழுக்க மிதிக்கட்டையை மிதிப்பவர்களுக்குக் கால் மரத்தால் வேறு எதைச் சொல்வது? குழிக்குச் சாக்கு விரிப்பார்கள், உப்பு வறுத்துக் கட்டுவார்கள். பூங்காவனம் அதற்கும் ஒரு படி மேலே போய், இந்த ஒரு வாரமாக மண்சட்டியில் நெருப்புக் கங்குகளை அள்ளி, மேலே சாம்பலைத் தூவி, மிதிக்கட்டைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். சூடு ஏறினால் குளிர்ச்சி இறங்கிவிடும் என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமைதான். ஆனாலும் முகூர்த்தச் சேலை தறியில் நின்றது. ஸ்வர்ணலதா குழியில் இறங்கி உட்கார்ந்தாள். அடுத்த தறியில் வீரபாகு அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் ஓடியது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

பக்கத்து வீட்டு ரங்கம்மாள் ஆட்டுக்கால் வாட்டுகிறாள் என்று ஸ்வர்ணலதா நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் அது வழக்கமான வாசனைதான். முதலில் மயிர் கருகும் நாற்றம், அப்புறம் தோல், அப்புறம் கொழுப்பு உருகும் வாசம். ஒன்பது வருஷமாகக் கவிச்சி தொடாத வாய். எச்சில் ஊறிவிட்டது. எரிகிற நாக்கின் அடியில் தண்ணீராக ஊறியது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து விழுங்கினாள். விழுங்கியதும் மறுபடி ஊறியது.

பாவு இழைகளுக்கு நடுவே மெல்லிசாகப் புகை எழும்பியது.

"சொர்ணா, காலை எடு" என்றான் வீரபாகு.

"எந்தக் காலை?"

அவன் தறியை விட்டுத் தாவி வந்தான். அவள் குனிந்து பார்த்தாள். வலது கால் மிதிக்கட்டையில் இல்லை. எப்போது நழுவியது என்று தெரியாது. கணுக்கால் வரைக்கும் கங்குச் சட்டிக்குள் இருந்தது. குதிகால் கறுத்து, ஓரம் வெடித்து, கொழுப்பு சாம்பலில் சொட்டிச் சுருசுருத்துக்கொண்டிருந்தது. வலி இல்லை. ஒரு பொட்டு வலி இல்லை. யாரோ ஒருத்தியின் கால் வேகிறது, அதை இவள் மேலே உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருக்கிறாள்.

தன் கால் வேகிற வாசனைக்குத்தான் எச்சில் ஊறியது.

அதை உணர்ந்தாள். குடித்த கஞ்சி அத்தனையும் வெளியே வந்தது. அந்த நேரத்திலும் பழக்கதோஷம், முகத்தைத் திருப்பித் தரையில்தான் வாந்தி எடுத்தாள், பட்டின் மேல் எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த பூங்காவனம் தறியின் மேல் குனிந்து, பாவு இழைகளைக் கையால் நீவிப் பார்த்தாள். "துணியில தெறிச்சுச்சா?" என்று கேட்டாள். தெறிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

வீரபாகு ஸ்வர்ணலதாவைத் தூக்கி வெளியே எடுத்தான். காலைப் பழைய வேட்டியில் சுற்றி, வண்டியில் உட்கார வைத்து, விழாமல் இருக்கத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். ஆரணிக்குள் நுழைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைகளில் கூட்டம். ஒவ்வொரு கடையைத் தாண்டும்போதும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

போளூர் ரோட்டில் ஒரு மாடி கிளினிக். அபிதகுசாம்பாள் என்று பலகையில் பெயர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. புண்ணைத் துடைத்துக் கட்டுப்போடும்போது நிமிர்ந்து நிமிர்ந்து ஸ்வர்ணலதாவின் முகத்தையே பார்த்தார். செத்த தோலைக் கத்தரியால் வெட்டி எடுக்கிறபோதும் அந்த முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை என்பதுதான் அவரை உறுத்தியது.

கட்டு முடிந்ததும் சோதனை ஆரம்பமானது. கவை மாதிரி ஒரு இரும்பைத் தட்டி, அதிர்கிறதைக் கணுக்கால் எலும்பில் வைத்தார். தெரிகிறதா என்று கேட்டார். எது என்று இவள் கேட்டாள். கண்ணை மூடச் சொல்லி, நல்ல காலின் கட்டை விரலை மேலும் கீழும் அசைத்து, இப்போது மேலேயா கீழேயா என்றார். இவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், எல்லாம் தப்பு. பிறகு சுவரைப் பிடித்து நிற்க வைத்து, கையை எடுத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடிய மாத்திரத்தில் வெட்டின வாழை மாதிரி வீரபாகுவின் மேல் சாய்ந்தாள்.

"நாக்கை நீட்டுங்கம்மா."

நீட்டினாள். சொரசொரப்பு எதுவும் இல்லாமல், தோலுரித்த கறித்துண்டு மாதிரி வழவழவென்று சிவந்திருந்தது. டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"நடக்கும்போது பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குதா?"

"பஞ்சுகூட தெரியும்ங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல."

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு வீரபாகு முந்திக்கொண்டு பதில் சொன்னான். வீட்டில் எதற்கும் குறைவில்லை, வாரம் தவறாமல் கறி எடுக்கிறோம், மீன் வருகிறது, பால் பாக்கெட் தினமும் வருகிறது என்று அடுக்கினான். டாக்டர் அவனை நிறுத்திவிட்டு, நான் வீட்டைக் கேட்கவில்லை, இவங்களைக் கேட்கிறேன் என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வீரபாகுவின் தம்பி சந்திரமோகனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இல்லாமல் இருந்தபோது, பூங்காவனம் குலதெய்வமான அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். வீட்டுக்கு மூத்த மருமகள் கவிச்சி, முட்டை, பால், தயிர், மோர் எல்லாம் விட்டு வாயைக் கட்டுவாள். பால் குடிக்கும் பிள்ளையைக் கேட்கிறபோது நம் பாலை விட வேண்டாமா என்பது அவள் வாதம். குழந்தை பிறந்து, காது குத்தி, கோயிலில் கெடா வெட்டிப் படையல் போடுகிற அன்றைக்குத்தான் கட்டு அவிழும். குழந்தை பிறந்துவிட்டது. யாழினி இப்போது மூன்றாம் வகுப்பு. காதும் குத்தியாயிற்று, நகைக்கடையிலேயே, ஒரு நிமிஷ வேலை. கெடா மட்டும் வெட்டவில்லை.

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"ஆடு, மாடு, கோழி, மீனு. இதுங்ககிட்ட இருந்து வர்ற சாப்பாட்டுலதாம்மா பி-பன்னெண்டுன்னு ஒரு சத்து இருக்குது. சைவக்காரங்க பாலு, தயிருன்னு கொஞ்சமாவது உள்ள தள்ளுவாங்க. உங்களுக்கு அதுவும் இல்ல. கரண்டு ஒயர் மேல உறை இருக்குதே, அந்த மாதிரி நரம்பு மேலயும் ஒரு உறை. அந்தச் சத்து இல்லாட்டி உறை அழிஞ்சுபோயிடும். முதுகுத்தண்டு வரைக்கும் அழியும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம், ஆனா எனக்கு சந்தேகமே இல்ல. குளிர்ச்சியும் கெடையாது, குழியும் கெடையாது."

மறதியும் அழுகையும்கூட அதனால்தானா என்று ஸ்வர்ணலதா கேட்டாள். ஆமாம் என்றார் டாக்டர். மெண்டல் இல்லை என்று ஒருத்தர் சொல்லிக் கேட்க இத்தனை நாளாயிற்று.

"காலு வந்துடுமாங்க?"

"நாக்கு ஜல்தியா ஆறிடும். ரத்தம் ஊறும், தெளிவு வரும். காலு எவ்வளவு திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள், ஒண்ணுகூடத் தவறக் கூடாது. தவறுச்சுன்னா இருக்கறதும் போகும். நடக்க முடியுமா, படுத்த படுக்கையான்னு இந்த ரெண்டு மாசம்தான் சொல்லும்."

வீரபாகு தொண்டையைச் செருமினான். ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறான் என்று ஸ்வர்ணலதா அவனைப் பார்த்தாள்.

"அந்த ஊசி சைவமாங்க?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு, கிருமியை வளர்த்து அதிலிருந்து எடுப்பது, ஆடும் கிடையாது மாடும் கிடையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வீரபாகு நிம்மதியாக மூச்சு விட்டான். அடுத்தபடி, இவள் எப்போது தறியில் உட்காரலாம் என்று கேட்டான். வெள்ளிக்கிழமைக்குள் நெய்து முடித்துத் தறியிலிருந்து சேலையை அறுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

ஸ்வர்ணலதா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்கக் குமட்டியது. கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான். காலையில் தூக்கி வந்து வண்டியில் கட்டிக்கொண்டு வந்ததும் அவன்தான். ஆனாலும் குமட்டியது.

முதல் ஊசியை இடுப்பில் போட்டார்கள். அது வலித்தது. வலித்ததற்குச் சந்தோஷப்பட்டாள்.

வீடு திரும்பியபோது மதியச் சாப்பாடு தயாராக இருந்தது. கறிக்குழம்பு. வாசல்படி தாண்டும்போதே வாசனை வந்து மோதியது. காலையில் எச்சில் ஊறிய அதே வாய் இப்போது இறுகி மூடிக்கொண்டது. ஆட்டுக்கும் தனக்கும் நாற்றத்தில் வித்தியாசம் இல்லை என்று கண்டுவிட்ட பிறகு இனி எந்த ஜென்மத்திலும் அதைத் தின்ன முடியாது. யாராவது அவிழ்த்துவிட்டாலும் முடியாது.

அவளைச் சுவரோரமாக உட்கார வைத்தார்கள். சந்திரமோகன் மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு நடை பார்த்துவிட்டு, பாவம் அண்ணி, என்று பொதுவாகச் சொல்லி இலை முன்னால் உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி பானுப்ரியா பரிமாறினாள். யாழினி முள்ளிப்பட்டில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் பெரியம்மா என்று மடியில் வந்து விழுந்திருப்பாள்.

டாக்டர் சொன்னதை வீரபாகு சுருக்கமாகச் சொன்னான். ஊசி, அதோடு பால், முட்டை. அதனால் கட்டை அவிழ்த்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டான், கேட்டுக்கொண்டே எலும்பை உறிஞ்சினான்.

"கெடா வெட்டாம எப்படிடா அவுக்கறது? தை மாசம் பாப்போம்" என்றாள் பூங்காவனம்.

"எட்டு தை போச்சு அண்ணி" என்றாள் ஸ்வர்ணலதா. "காது குத்தி முடிஞ்ச அன்னிக்கே ஏன் வெட்டல?"

சந்திரமோகன் சோற்றைப் பிசைந்தான். பூங்காவனம் மட்டும் வெட்கப்படவில்லை. வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது என்பது போல, காலை நீட்டி உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள்.

கெடா வெட்டத்தான் அவள் கோயிலுக்குப் போனாளாம். போன இடத்தில் ஒரு யோசனை. மாடி கட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோயிருந்த சமயம். இருக்கிற கட்டு இருக்கட்டும், மாடியும் எழும்பட்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கெடாவாக வெட்டிவிடலாம் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாடி எழும்பியது. அப்புறம் போர்வெல் போட்டார்கள். தண்ணீர் வரவில்லை. அதையும் அந்தக் கட்டின் மேலேயே ஏற்றினாள். இரண்டாவது இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் சந்திரமோகனுக்குப் பட்டுக் கடையில் சூப்பர்வைசர் வேலை.

"கேட்டதெல்லாம் குடுத்தாடீ அம்மா. உன் வாய்க்கட்டுக்கு அவ்ளோ சக்தி. வேற யாரு வாயைக் கட்டச் சொல்ற? சந்திரமோகன் கட்டுவானா? கறி இல்லாட்டி தட்டைத் தூக்கி எறியறவன். நீதான் பொறுமைசாலி. உன் வாயிலதான் இந்த வீடே நிக்குது."

பாராட்டுத்தான் அது. அவள் குரலில் பொய்யே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஸ்வர்ணலதா அண்ணாந்து மாடியின் அடிப்பகுதியைப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த கூரை. அந்த மாடிப் படியை அவள்தான் தினமும் கூட்டுகிறாள். போர்த் தண்ணீரில் அவள்தான் பாத்திரம் கழுவுகிறாள், இந்தக் கறிப் பாத்திரங்களையும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் அவள் முதுகுத்தண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்காமல்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

வீரபாகு கையிலிருந்த எலும்பை இலையோரம் வைத்தான். "மாடிக்குன்னு தெரியும். போருக்குக் கேட்டது அப்பால தெரிஞ்சுது" என்றான். "சொன்னா நீ பேஜாராவேன்னு சொல்லல."

"இப்ப எதுக்கு இந்தக் கட்டு நடந்துகினு இருக்குது அண்ணி?"

"சந்திரமோகன் தனியா ஒரு கடை போடணும்னு" என்றாள் பூங்காவனம்.

சந்திரமோகன் எழுந்து கை கழுவப் போனான். தண்ணீர் நன்றாக வேகமாக வந்தது.

அந்த நேரத்தில் ஸ்வர்ணலதாவுக்குக் கோபம்கூட வரவில்லை. வந்தது அருவருப்புதான். முடியோடு சோறு வாய்க்குள் போய்விட்டால் வருமே, அது. இவர்களோடு ஒரே பாயில் படுத்து, ஒரே தண்ணீரில் குளித்து, இவர்கள் எச்சில் இலையை எடுத்துப் போட்டிருக்கிறாள்.

"பானு, ஃப்ரிட்ஜுல பாலு இருக்குதா? கொஞ்சம் எடுத்தா" என்றாள்.

பானுப்ரியா அசையவில்லை. பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"யோசிச்சுப் பண்ணு சொர்ணா. யாழினி பேர்ல ஆரம்பிச்ச கட்டு இது. நடுவுல அறுத்தா அந்தக் குழந்தை மேலதான் வந்து நிக்கும். நாளைக்கு அதுக்கு ஒரு காய்ச்சல் வந்தா உன் மூஞ்சியை எங்க வெச்சுக்குவ?"

அடி படவேண்டிய இடத்தில் பட்டது. யாழினியைப் பிறந்த மூன்றாம் நாளே கையில் வாங்கியவள் ஸ்வர்ணலதா. பானுப்ரியா பெற்ற உடம்போடு படுத்துக் கிடந்தபோது, அந்தக் குழந்தைக்குப் புட்டிப் பால் கலக்கிக் கொடுத்தவள், விரலில் சொட்டின துளியைக்கூட நக்காமல் கழுவியவள். டாக்டர் சொன்னது ஒரு பக்கம். ஒன்பது வருஷம் நம்பியது ஒரு பக்கம். நம்பிக்கை ஒரு ஊசியில் இறங்கிவிடுமா? இவளுக்குக் கால் வந்து அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

பானுப்ரியா உள்ளே போனாள். ஃப்ரிட்ஜ் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அரை டம்ளர் பாலோடு வந்து குந்தி உட்கார்ந்தாள். டம்ளரை நீட்டினாள், ஆனால் பிடியை விடவில்லை.

"குடிங்கக்கா. நான் வேணான்னு சொல்லல" என்றாள். "யாழினிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிட்டு குடிங்க. உங்க வாயால சொன்னா பலிக்கும்."

ஸ்வர்ணலதா அவள் கண்ணைப் பார்த்தாள். பயம்தான் இருந்தது, சூது இல்லை. பெற்றவள், பயப்படத்தான் செய்வாள். ஆனாலும் இன்னும் ஒன்று கேட்கிறாள், இந்த வாயிடமே கேட்கிறாள்.

வாக்குக் கொடுக்கவில்லை. டம்ளரைப் பிடுங்கி அப்படியே வாயில் கவிழ்த்தாள்.

பால் ருசிக்கவில்லை. வழவழவென்று, மாட்டு வாடையோடு, புண்ணான நாக்கில் சவ்வு மாதிரி ஒட்டியது. வயிறு திருப்பி அனுப்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"நாளான்னிக்கு அடுத்த ஊசி" என்று வீரபாகுவிடம் சொன்னாள். "சேலை அறுக்கறது இருக்கட்டும். என்னைக் கூட்டிகினு போங்க. போகலன்னா சொல்லிடுங்க, தவழ்ந்தாவது ரோட்டுக்குப் போய் ஆட்டோ ஏறிக்கறேன்."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, பார்க்கலாம் என்றா, தெரியவில்லை.

பூங்காவனம் கொடியில் கிடந்த சேலையை உருவி மடித்துப் பையில் வைத்தாள். விடிந்ததும் போளூர் பஸ் ஏறிக் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறாளாம். அறுந்த கட்டைப் பூசாரியிடம் கேட்டு வேறு ஆள் மேல் மாற்றிக் கட்ட வேண்டுமாம். யார் மேல் என்று வீரபாகு கேட்டான்.

"வீட்டுல இன்னொரு மருமக இல்லையா?" என்றாள் பூங்காவனம்.

பானுப்ரியா காலி டம்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். சந்திரமோகன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அம்மனுக்கு ஒரு கெடா பாக்கி. அது சந்திரமோகன் கொடுக்க வேண்டியது. ஸ்வர்ணலதாவுக்கு இந்த வீடு ஒன்பது வருஷத்துச் சாப்பாடு பாக்கி. அதில் இன்றைக்கு வந்து சேர்ந்தது அரை டம்ளர் பால்.